சிப்பியின் உள்பக்கம்

மார்ச் 3, திங்கள்

சபைக் கூரையில் ஒழுகிக்கொண்டிருந்த இரண்டு தகரங்களையும் இன்று மாற்றியாகிவிட்டது. ஸ்தோத்திரம். மனைவி சுகிர்தாவுக்குச் சர்க்கரை குறைந்திருக்கிறது. அதற்கும் ஸ்தோத்திரம். உரக்கடையில் கொடுத்த இந்த டைரியில் நாளுக்கு ஒரு நன்றியாவது எழுதுவது என்று ஜனவரியில் தீர்மானம் செய்தேன். பிப்ரவரியில் பாதிப் பக்கம் வெறுமையாகக் கிடக்கிறது. இந்த மாதமாவது விடக்கூடாது.

மதியம் சென்னையிலிருந்து சகோதரர் ஜோயல் ரத்னராஜ் போன் செய்தார். அவருடைய பிரசங்கங்களை யூடியூபில் பார்த்திருக்கிறேன். பூமிக்கு வயது ஆறாயிரம் வருடம், பரிணாமம் என்பது கட்டுக்கதை என்று விஞ்ஞானத்தை வைத்தே பேசுகிறவர். ஏப்ரல் 4, 5, 6 மூன்று நாளும் நம் சபையில் கூட்டம் நடத்த ஒப்புக்கொண்டார்.

“பிரதர், உங்க அரியலூர் மாதிரி ஒரு ஊர் தமிழ்நாட்டுலயே கிடையாது. கடல் எங்க இருக்கு, நீங்க எங்க இருக்கீங்க? அங்க மண்ணைத் தோண்டுனா சிப்பி வருது. நோவா காலத்து வெள்ளத்துக்கு இதைவிட சாட்சி வேணுமா? ஒரு ஐம்பது அறுபது கல்லு சேர்த்து வைங்க. கண்காட்சி மாதிரி போட்டுருவோம்.”

மூப்பர் ஞானமுத்துவிடம் சொன்னேன். சபைக்கு இடம் கொடுத்தவர் அவர். சபையில் எதுவும் அவரைக் கேட்டுத்தான் நடக்கும். அவருக்கு மிகுந்த சந்தோஷம்.

பெனினாவின் கட்டிலுக்கு அடியில் ஒரு அட்டைப் பெட்டி நிறையக் கற்கள் இருக்கின்றன. எம்.எஸ்.சி. நிலவியல் படித்தபோது சேர்த்தவை. மகள் இப்போது திருச்சியில் இருக்கிறாள், நிலத்தடி நீர் பார்த்துச் சொல்லும் ஒரு கம்பெனியில். வேலை அதிகம். ஊருக்கு வர முடிவதில்லை.

மார்ச் 4, செவ்வாய்

பெனினாவின் பெட்டியை எடுக்கவில்லை. நாமே புதிதாகச் சேகரிப்பதுதான் முறை.

மார்ச் 6, வியாழன்

காலை ஆறு மணிக்கே சுண்ணாம்புக்கல் மைன்ஸுக்குப் போனேன். ஊழியத்துக்கு வருமுன் ஒன்பது வருடம் அங்கேதான் எடைமேடையில் வேலை பார்த்தேன். அப்போது என்னோடு சேர்ந்த கலியமூர்த்தி இன்று மேஸ்திரி. கேட்டில் நின்று கும்பிட்டான்.

“என்னா பாஸ்டரே, பழைய எடம் ஞாபகம் வந்துடுச்சா?”

விஷயத்தைச் சொன்னேன். சிரித்தான்.

“கல்லுதானே. அள்ளிக்கிட்டுப் போங்க. கிரஷருக்குப் போறதுக்கு சபைக்கு வந்தா அதுக்கும் புண்ணியம்.”

சாக்கு நிறையப் பொறுக்கினேன். ஆட்டுக்கொம்பு போலச் சுருண்ட கல், பென்சில் முனை போன்ற கல், நட்சத்திரம் பதிந்த உருண்டைக் கல். எல்லாம் ஒருகாலத்தில் உயிரோடு கடலில் இருந்தவை. கடைசியாக ஒரு பலகைக் கல் கண்ணில் பட்டது. முழுக்கச் சிப்பிகள். ஒன்றின் முதுகில் ஒன்று, அதன் முதுகில் இன்னொன்று என்று ஒட்டியிருந்தன. பதினைந்து கிலோ இருக்கும். கலியமூர்த்தியே தூக்கி வந்து மொபெட்டின் முன்னால் வைத்தான். கண்காட்சியின் நடு மேசைக்கு இதுதான் என்று முடிவு செய்துவிட்டேன்.

பழைய நண்பன் முகம் கோணாமல் உதவியதற்கு ஸ்தோத்திரம்.

மார்ச் 8, சனி

சார்ட் பேப்பரில் விளக்கங்கள் எழுதினேன். சகோதரர் ஜோயல் அனுப்பிய வாசகம்: ‘இவை அனைத்தும் ஒரே ஆண்டில், ஒரே வெள்ளத்தில் புதைந்தவை.’ சிவப்பு மையில் எழுத எடுப்பாக இருந்தது.

சுகிர்தா கொல்லையில் உட்கார்ந்து பழைய பல் பிரஷ்ஷால் அந்தப் பலகைக் கல்லைத் தேய்த்துக் கழுவினாள். தரங்கம்பாடிக்காரி. அவள் அப்பாவுக்குப் படகு இருந்தது.

“ஏங்க, இங்க வாங்களேன். எங்கப்பா போட்டு அடியில இப்படித்தான் சிப்பி ஒட்டும். வருஷத்துக்கு ஒருக்கா கரையேத்திச் சுரண்டுவாங்க. அப்ப கட்டைவிரல் நீளந்தான் இருக்கும். இது என் உள்ளங்கையவிடப் பெருசு.”

“சரி, அதுக்கென்ன?”

“இது மேல இது. அது மேல அது. நாலு இருக்கு. ஒண்ணு வளர்ந்தப்புறந்தான் அடுத்தது வந்து ஒட்டும். ஒரே வருஷம்னு எழுதியிருக்கீங்களே?”

நமக்கெல்லாம் விளங்காத காரியங்கள் இருக்கும் என்று சொன்னேன். அவளுக்கு உபதேசம் அவ்வளவாகத் தெரியாது. மத்திக் குழம்பு அருமையாக இருந்தது. ஸ்தோத்திரம்.

மார்ச் 9, ஞாயிறு

ஆராதனைக்கு எழுபத்திரண்டு பேர். கூட்டத்தைப் பற்றி அறிவித்தேன், கை தட்டினார்கள். பெனினாவைப் பற்றி யாரும் கேட்கவில்லை. முன்பெல்லாம் கேட்பார்கள்.

சாப்பிட்டபின் சுகிர்தா துணி எடுக்க மாடிக்குப் போனவள் முக்கால் மணி நேரம் கழித்துத்தான் இறங்கினாள். ஞாயிற்றுக்கிழமைகளில் இப்படித்தான். நான்கு துணிக்கு அவ்வளவு நேரமா என்று கேட்கவில்லை. முகம் மலர்ந்திருந்தது. அதற்கு ஸ்தோத்திரம்.

மார்ச் 12, புதன்

சுகிர்தா சொன்னதைச் சகோதரர் ஜோயலிடம் போனில் கேட்டேன். அவள் கேட்டதாகச் சொல்லவில்லை.

“நல்ல கேள்வி பிரதர். வெள்ளத்துக்கு முன்னாடியே அதுங்க ஒண்ணோட ஒண்ணு ஒட்டி வளர்ந்திருக்கும். வெள்ளம் அப்படியே பெயர்த்துக் கொண்டுவந்து இங்க போட்டுருச்சு. அவ்வளவுதான்.”

தெளிவான பதில். நிம்மதியாக இருந்தது.

மார்ச் 14, வெள்ளி

வெள்ளம் கொண்டுவந்து போட்டது என்றால் உடைந்தும் கவிழ்ந்தும் தாறுமாறாகத்தானே கிடக்க வேண்டும்? அப்படிக் கிடக்கும் இடத்தைப் படம் எடுத்து வைத்தால் கண்காட்சிக்கு உதவும் என்று மறுபடி மைன்ஸுக்குப் போனேன். வெட்டிய சுவரில் சிப்பிகள் வரிசை வரிசையாக இருந்தன. மூன்று வரிசை எண்ணினேன். வெயில் ஏறிவிட்டது, திரும்பிவிட்டேன்.

மார்ச் 15, சனி

நேற்று எழுதியது சரியல்ல. பதினொரு வரிசை எண்ணினேன்.

தாறுமாறாகவும் இல்லை. ஒவ்வொரு வரிசையிலும் பெரும்பாலான சிப்பிகள் குழிந்த ஓடு கீழே, மூடி மேலே என்று, வளர்ந்தபடியே உட்கார்ந்திருந்தன. ஒரு வரிசைக்கும் அடுத்ததற்கும் நடுவில் ஒரு முழம், இரண்டு முழம் மெல்லிய சேறு இறுகிக் கல்லாகியிருந்தது. அந்தச் சேற்றுக்குள் விரல் தடிமனில் குழல் குழலாகத் தடம். புழுவோ நண்டோ வளை தோண்டிக் குடியிருந்த இடம். பின்னால் வேறு நிற மண் வந்து அதை அடைத்திருக்கிறது.

மலையையே மூடும் வெள்ளம் புரண்டுகொண்டிருக்கும்போது புழு எப்போது வந்து வளை தோண்டியது? சிப்பி எப்போது வந்து ஒட்டியது, வளர்ந்தது, செத்தது? அதன்மேல் சேறு எப்போது மெதுவாகப் படிந்தது? அதுவும் பதினொரு தடவை, ஒரே வருடத்துக்குள்?

“கீழ இன்னும் போவுது பாஸ்டரே,” என்றான் கலியமூர்த்தி. “நாப்பது அடி வெட்டிட்டோம். இன்னும் முடியல.”

எடைமேடையில் இருந்தபோது, லாரியில் இருப்பதைத்தான் சீட்டில் எழுதுவேன். பதினெட்டு டன்னைப் பன்னிரண்டு என்று எழுதச் சொன்ன நாளில்தான் அந்த வேலையை விட்டேன். அப்படிப்பட்டவன் நேற்று என் சொந்த டைரியில் பதினொன்றை மூன்று என்று எழுதினேன். கர்த்தர் மன்னிப்பாராக.

மார்ச் 18, செவ்வாய்

சுவரின் படங்களையும் பலகைக் கல்லின் படத்தையும் சகோதரர் ஜோயலுக்கு அனுப்பியிருந்தேன். மாலையில் அவரே கூப்பிட்டார். குரலில் கோபமில்லை. அன்பாகத்தான் பேசினார்.

“பிரதர், அந்தப் பலகைக் கல்லை மட்டும் வைக்க வேண்டாம். மத்ததெல்லாம் அருமையா இருக்கு.”

“ஏன் பிரதர்?”

“ஜனங்களுக்குக் குழப்பமாயிரும். கேள்வி கேட்டா விளக்கிக்கிட்டு நிக்கணும். நமக்கு நேரம் கம்மி.”

“உங்களுக்கு அதுக்குப் பதில் இருக்கா?”

“பதில் இருக்கும் பிரதர். தேடணும்.”

சரி என்றேன். போனை வைத்தபின் கல்லின்மேல் ஒரு சாக்கைப் போட்டு மூடினேன்.

மார்ச் 19, புதன்

காவிரித் தண்ணீர் இன்று வந்தது. குடங்கள் எல்லாம் நிரம்பின. ஸ்தோத்திரம்.

மார்ச் 21, வெள்ளி

மூப்பர் ஞானமுத்து வந்து சார்ட்டுகளையெல்லாம் நின்று படித்தார். திருப்தி. கிளம்பும்போது வாசலில் சொன்னார்: “ஐயா, உங்க மக அன்னைக்கு சபையில பேசுன பேச்சுக்கு இதுதான் சரியான பதில். இப்பவாவது புரிஞ்சிக்கட்டும்.”

நான் தலையாட்டினேன். உள்ளே சுகிர்தா பாத்திரம் தேய்க்கும் சத்தம் சட்டென்று நின்றது.

பெனினா இரண்டு வருடத்துக்கு முன் வாலிபர் கூட்டத்தில் ஏதோ சொன்னாள். பிறகு அது சரியாகிவிட்டது.

மார்ச் 24, திங்கள்

சரியாகவில்லை.

இரண்டு நாளாக ஒன்றும் எழுதவில்லை. நன்றி சொல்வதற்கு மட்டும் என்று வைத்த டைரியில் இதை எழுதலாமா என்று தெரியவில்லை. எழுதாமல் மேலே நகரவும் முடியவில்லை.

பெனினா பரீட்சை எழுதிவிட்டு வந்திருந்தாள். வாலிபர் கூட்டத்தில் யாரோ அவளிடம், நம் ஊர்ச் சிப்பிக்கு என்ன வயது என்று கேட்டார்கள். ஏழு கோடி வருடம் என்றாள். எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்றும் சொன்னாள். அவ்வளவுதான். தேவன் இல்லை என்று சொல்லவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மூப்பர் என்னைத் தனியே கூப்பிட்டு, போதகர் மகளே இப்படிப் பேசினால் சபை என்னாகும் என்றார். நான் வீட்டுக்குப் போய் அவளிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஆராதனை முடியும் நேரத்தில் மைக்கைப் பிடித்து அவளைப் பேர் சொல்லி எழுப்பினேன். எல்லாருக்கும் முன்னால் மன்னிப்புக் கேட்கச் சொன்னேன்.

எழுந்து வந்தாள். “நான் சொன்னது தப்பு. மன்னிச்சிருங்க,” என்றாள். சபையார் ஆமென் என்றார்கள். நானும் சொன்னேன்.

வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை. திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் போனாள். இரண்டு கிறிஸ்துமஸ் போய்விட்டது. எனக்குப் போன் செய்வதில்லை. நானும் செய்ததில்லை. வேலை அதிகம் என்று நான்தான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

மார்ச் 26, புதன்

காலை பத்து மணிக்குப் போன் செய்தேன். மூன்றாவது மணியில் எடுத்தாள்.

“சொல்லுங்கப்பா.”

அப்பா என்றாள். என்ன பேசுவது என்று எழுதிவைத்த தாள் கையில் இருந்தது. அதில் ஒரு வரியும் வாயில் வரவில்லை.

“ஒரு கல்லு கிடைச்சிருக்கும்மா. சிப்பி மேல சிப்பி.”

“படம் அனுப்புங்க. பக்கத்துல ஒரு அஞ்சு ரூபா காசு வைங்க, அளவு தெரியணும்,” என்றாள்.

காசு வைத்துப் படம் எடுத்து அனுப்பினேன். பதினைந்து நிமிடத்தில் திரும்பக் கூப்பிட்டாள்.

“அப்பா, மேலேர்ந்து ரெண்டாவது இருக்கு பாருங்க, மூடி கழண்டுபோய்த் திறந்து கெடக்குற ஓடு. அதோட உள்பக்கத்தைப் பாருங்க. பூதக்கண்ணாடி இருந்தா வச்சுப் பாருங்க. நான் சொல்ல மாட்டேன். நீங்களே பாருங்க.”

“சரிம்மா.”

“அம்மா மாத்திரை ஒழுங்காப் போடுறாங்களா?”

“போடுறா.”

“நல்லது,” என்றாள். வைத்துவிட்டாள்.

ஸ்தோத்திரம். ஸ்தோத்திரம். ஸ்தோத்திரம்.

மார்ச் 27, வியாழன்

வேதம் வாசிக்கிற பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு கொல்லையில் உட்கார்ந்தேன். சாக்கை நீக்கினேன்.

திறந்த ஓட்டின் உள்பக்கத்தில், சிப்பியின் சதை இருக்க வேண்டிய இடத்தில், நகம் அளவில் ஆறு குட்டிச் சிப்பிகள் ஒட்டி வளர்ந்திருந்தன. அவற்றுக்குப் பக்கத்தில் வெள்ளை நூல் போலப் புழுக்கூடு சுருண்டு ஓடியது. ஓட்டின் விளிம்பெல்லாம் ஊசியால் குத்தியதுபோல் துளைகள்.

சுகிர்தாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். பார்த்தவுடன் சொன்னாள்.

“செத்தப்புறந்தாங்க உள்ளாற ஒட்ட முடியும். உசுரோட இருந்தா வாயை மூடிக்கிட்டு இருக்குமே. இது செத்து, சதையெல்லாம் அழுகி, திறந்து கெடந்திருக்கு. அப்புறம் குட்டிங்க வந்து உக்காந்து இம்புட்டு வளர்ந்திருக்கு.”

“கடலடியில அமைதியாக் கெடந்திருக்கு.”

“ஆமா. அவசரமே இல்லாம.”

வெள்ளம் பெயர்த்துக் கொண்டுவந்தது என்ற பதில் ஒரு கல்லுக்குச் சொல்லலாம். பதினொரு வரிசைக்கும் சொல்ல முடியாது. ஏழு கோடி வருடத்தை என் மனதால் எட்டிப் பிடிக்க முடியவில்லை. ஆனால் ஒரு வருடம் இல்லை என்பது என் கைக்குத் தெரிகிறது.

பயமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். ஆறாயிரம் வருடக் கணக்கு போனால் எல்லாம் போய்விடும் என்றுதான் சகோதரர் ஜோயல் பிரசங்கிப்பார். கொல்லையில் உட்கார்ந்தபடியே ஜெபித்தேன். எப்போதும்போலவே ஜெபிக்க முடிந்தது.

ஏப்ரல் 1, செவ்வாய்

மறுபடி கூப்பிட்டேன். பார்த்ததைச் சொன்னேன். அவள் உற்சாகமாகப் பேசினாள், சின்ன வயதில் பேசுவதுபோல. துளைகள் கடற்பஞ்சு போட்டவை, அதுவும் செத்த ஓட்டில் நிதானமாகத் துளைத்தவை என்றாள். வயதைக் கண்டுபிடிக்கும் முறைகள் பல என்றும், ஒன்றைக் கேட்காமல் இன்னொன்று தனியாகக் கணக்கிட்டாலும் பதில் கிட்டத்தட்ட ஒத்துப்போகும் என்றும் சொன்னாள். “ஒரே லோடை நாலு எடைமேடையில போட்ட மாதிரிப்பா.”

அப்போதுதான் கேட்டேன். “அன்னைக்கு உன்னை எல்லார் முன்னாடியும் நிக்க வச்சேன். அந்த அவமானம் இன்னும்...”

“அவமானம் இல்லப்பா.” குரல் மாறிவிட்டது. “அது ஒரு வாரத்துல போயிருச்சு. தப்புன்னு சொன்னேன்ல, அது பொய். எனக்குத் தெரிஞ்சே சொன்னேன். கர்த்தரோட வீட்டுல, உங்க மைக்குல, நீங்க சொன்னதுக்காகப் பொய் சொன்னேன். அதுக்கு எல்லாரும் ஆமென் சொன்னாங்க. அதுக்கப்புறம் எனக்கு அந்த வாசப்படி ஏறத் தோணல.”

போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

“ஜெபம் பண்றதை விடலப்பா. அதை மட்டும் தெரிஞ்சுக்கோங்க,” என்றாள்.

ஒரு பொய்ச்சீட்டு எழுதமாட்டேன் என்று வேலையை விட்டவன், பெற்ற மகளைப் பொய் சொல்ல வைத்திருக்கிறேன். இதை எனக்குத் தெரியப்படுத்தியதற்கு ஸ்தோத்திரம்.

ஏப்ரல் 4, வெள்ளி

சகோதரர் ஜோயல் காலை ரயிலில் வந்தார். நல்ல மனிதர். சுகிர்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு அவள் சர்க்கரைக்காக ஜெபித்தார். இட்லியைப் புகழ்ந்தார். மாலைக் கூட்டத்துக்கு இருநூறு பேர். கலியமூர்த்தியும் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தான்.

ஏப்ரல் 5, சனி

கண்காட்சி திறக்குமுன் பலகைக் கல்லைக் கொண்டுபோய் நடு மேசையில் வைத்தேன். பக்கத்தில் என் பூதக்கண்ணாடி. ‘ஒரே ஆண்டில்’ என்ற சிவப்பு மை சார்ட்டுகளையெல்லாம் கழற்றிவிட்டேன்.

சகோதரர் ஜோயல் என்னைப் பாடகர் அறைக்கு அழைத்துப் போனார்.

“என்ன பிரதர் இது? பேசி முடிவு பண்ணோமே?”

“உள்பக்கத்தைப் பாருங்க பிரதர். ஒரு நிமிஷம்.”

“எனக்குப் பார்க்க வேண்டியதில்ல. ஏழு கோடி வருஷத்தை நீங்க கண்ணால பார்த்தீங்களா?”

“இல்ல பிரதர். ஆறாயிரத்தையும் பார்க்கல. இந்தச் சிப்பியைப் பார்த்தேன்.”

“மனுஷன் சொல்றதை நம்புறீங்களா, வேதத்தையா?”

“இந்தக் கல்லை மனுஷன் பண்ணல பிரதர். உண்டாக்குனவர் யாருன்னு நீங்களும் நானும் ஒரே மாதிரிதான் நம்புறோம். அவர் உண்டாக்குனதை மறைச்சு வச்சு அவருக்கு நான் சாட்சி சொல்லணுமா?”

அவர் உண்மையாகவே வருத்தப்பட்டார், அது முகத்தில் தெரிந்தது. என்னோடு வாக்குவாதம் செய்யாமல் மூப்பரைத் தேடிப் போனார். ஜனங்கள் வந்து கண்ணாடி வைத்துப் பார்த்தார்கள். வயதைப் பற்றி நான் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. உள்பக்கத்தைப் பாருங்கள் என்று மட்டும் சொன்னேன்.

ஏப்ரல் 6, ஞாயிறு

ஆராதனை முடியும் நேரத்தில் மைக்கை எடுத்தேன். சகோதரர் ஜோயல் முன்வரிசையில் இருந்தார், மூப்பர் அவருக்குப் பக்கத்தில்.

சொன்னதை நினைவில் இருக்கும்வரை எழுதுகிறேன். “இரண்டு வருஷத்துக்கு முன்னாடி இதே இடத்துல என் மக பெனினாவை நிக்க வச்சு மன்னிப்புக் கேக்க வச்சேன். அவ சொன்னது தப்பு இல்ல. அவ படிச்சு, பார்த்து, தெரிஞ்சதைச் சொன்னா. நான் பார்க்காம, கேக்காம, பயந்துகிட்டு அவளைப் பொய் சொல்ல வச்சேன். நீங்க எல்லாரும் ஆமென் சொன்னீங்க, அது உங்க தப்பில்ல, என் தப்பு. அவ இங்க இல்ல. ஆனா அவகிட்ட நான் மன்னிப்புக் கேக்குறேன், அதுக்கு நீங்க சாட்சி. விசுவாசிக்கிறவங்க பூமிக்கு எத்தனை வயசுன்னு பயப்படத் தேவையில்ல. நமக்குத் தெரிஞ்ச உண்மையை மறைக்கத்தான் பயப்படணும்.”

யாரும் ஆமென் சொல்லவில்லை. மூப்பர் எழுந்து வெளியே போனார். அவரோடு நான்கைந்து குடும்பம் போனது. சகோதரர் ஜோயல் மட்டும் கடைசிவரை உட்கார்ந்திருந்தார். போகும்போது கை கொடுத்தார். “உங்களுக்காக ஜெபிப்பேன் பிரதர்,” என்றார். “நானும்,” என்றேன். இரண்டு பேரும் மனதாரத்தான் சொன்னோம்.

வீட்டுக்கு வந்ததும் பெனினாவைக் கூப்பிட்டேன். நான் ஆரம்பிக்குமுன்னே, “கேட்டேன்பா,” என்றாள். எப்படி என்றால், சுகிர்தா பெண்கள் பகுதியில் உட்கார்ந்துகொண்டு போனை மடியில் திறந்தே வைத்திருந்தாளாம். இரண்டு வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளில் மாடியில் துணி எடுக்க ஏன் அவ்வளவு நேரம் ஆகிறது என்பது இன்று எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. எனக்கு மறைத்து இந்த வீட்டின் கதவைத் திறந்து வைத்திருந்த என் மனைவிக்காக ஸ்தோத்திரம்.

ஏப்ரல் 12, சனி

மூப்பர்கள் கூடிப் பேசினார்கள். மே மாதக் கடைசியோடு நான் விலக வேண்டும் என்று தீர்மானம். வீடும் சபையுடையது, காலி செய்ய வேண்டும். கடிதத்தை ஞானமுத்துவே கொண்டுவந்தார். பதினாறு வருடப் பழக்கம். அவர் கண்ணும் கலங்கியிருந்தது. சுகிர்தா காபி கொடுத்தாள், குடித்தார்.

எழுந்து வாசல்வரை போனவர் திரும்பி வந்து, குரலைத் தணித்துக் கேட்டார்.

“ஐயா, அந்தக் கல்லு இங்கதானே இருக்கு? நான் அன்னைக்குப் பார்க்கல.”

கொல்லைக்கு அழைத்துப் போய்க் காட்டினேன். கண்ணாடியை வாங்கி வெகுநேரம் பார்த்தார். தீர்மானத்தை மாற்றப்போவதில்லை என்பது தெரிந்தது. ஆனாலும் பார்த்தார். ஸ்தோத்திரம்.

ஏப்ரல் 16, புதன்

கலியமூர்த்தி தன் தெருவில் ஒரு வீடு காலியாக இருப்பதாகச் சொல்லிவிட்டான். இரண்டு அறை, கிணறு உண்டு. சபையில் ஒன்பது குடும்பங்கள், எங்கே போனாலும் உங்களோடு சேர்ந்து ஜெபிப்போம் என்கிறார்கள். ஐம்பத்தாறு வயதில் மறுபடி தொடக்கம். இரவு நன்றாகத் தூக்கம் வருகிறது.

ஏப்ரல் 19, சனி

ஈஸ்டருக்கு வருவதாகப் பெனினா சொல்லியிருந்தாள், மதியம் இரண்டு மணி பஸ். நான் ஒன்றரைக்கே பஸ் ஸ்டாண்டில் இருந்தேன். மெலிந்திருக்கிறாள். கண்ணாடி போட்டிருக்கிறாள், எனக்குத் தெரியாது. பையை வாங்கிக்கொண்டேன். “வெயிலா இருக்கே, தொப்பி கொண்டுவந்திருக்கலாமே அப்பா,” என்றாள். அதைத்தான் முதலில் சொன்னாள்.

சாப்பாட்டுக்கு உட்கார்ந்ததும் என்னை ஜெபிக்கச் சொன்னாள். நீயே பண்ணும்மா என்றேன். அவளே ஜெபித்தாள். சுகிர்தா இரண்டு தரம் சோறு போட்டாள், இரண்டு தரமும் வேண்டாம் என்று சொல்லாமல் சாப்பிட்டாள்.

ஏப்ரல் 20, ஈஸ்டர்

விடியற்கால ஆராதனை. இந்தச் சபையில் எனக்குக் கடைசி ஈஸ்டர். நாற்பது பேர் வந்தார்கள். பெனினா வாசப்படியில் ஒரு கணம் நின்றாள். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

ஏப்ரல் 21, திங்கள்

மூன்று பேரும் மைன்ஸுக்குப் போனோம். பெனினா அந்தச் சுவரை ஒழுங்காக அளந்து எழுத வேண்டும் என்றாள். அடுத்த மாதம் அந்தப் பக்கத்தை வெட்டிவிடுவார்களாம். கலியமூர்த்தி ஏணி கொண்டுவந்தான். சுகிர்தா குடை பிடித்துக்கொண்டு கீழே கிடந்த சிப்பிகளைப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வரிசை பதினான்காம். அடியில் மூன்றை நான் கவனிக்கவில்லை.

ஏணியில் ஏறி டேப்பைப் பிடித்துக்கொண்டு நான் அளவைச் சொன்னேன். அவள் கீழே நின்று நோட்டில் எழுதினாள். “நாற்பத்திரண்டு சென்டிமீட்டர்.” “ம்.” “அடுத்தது அறுபத்தேழு.” “ம். அடுத்தது?” வெயில் ஏறிக்கொண்டே வந்தது. ஒரு மணி நேரம் அப்படியே போயிற்று. நான் சொன்ன எண் ஒன்றையும் அவள் திரும்ப ஏறி வந்து சரிபார்க்கவில்லை. சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டே இருந்தாள்.